புரண்டு படுத்தால் தலைசுற்றல்: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: வலப்பக்கம் புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. முன்பு இப்படி வந்தபோது, வலது காதில் துகள் நகர்ந்திருப்பதாகச் சொல்லி டாக்டர் தலையைத் திருப்பிச் சரிசெய்தார். இப்போது மறுபடி வந்திருக்கிறது. நானே செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். எந்தக் காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் முக்கியம். உள்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுவதால் வரும் சுற்றல் இது. மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. தலையைச் சரியான வரிசையில் திருப்பினால் அது குழாயிலிருந்து வெளியேறும். இதற்கு எப்ளி முறை என்று பெயர்.

கட்டிலில் கால் நீட்டி உட்காருங்கள். மல்லாந்தால் தோளுக்குக் கீழே வருகிற மாதிரி தலையணையை வையுங்கள். பலர் தலைக்கு வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் தலை பின்னால் சாயாது, பலனும் கிடைக்காது. தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாந்து படுங்கள். சுற்றல் வரும். பயந்து எழுந்துவிடாதீர்கள், துகள் நகர்கிறது என்று அர்த்தம். சுற்றல் நின்ற பிறகும் 30 விநாடி பொறுங்கள். அப்புறம் தலையைத் தூக்காமல் 90 டிகிரி இடப்பக்கம் திருப்பி 30 விநாடி. அடுத்து உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு 30 விநாடி. பிறகு காலைத் தொங்கவிட்டு, இடப்பக்கமாகவே மெதுவாக எழுந்து உட்காருங்கள். உடனே நடக்க வேண்டாம். முதல் தடவை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

ஒரு நாள் முழுக்கச் சுற்றல் இல்லை என்று ஆகும்வரை தினமும் மூன்று வேளை செய்யலாம். ஒரு வாரமாகியும் தீரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்; துகள் வேறு குழாயில் இருக்கலாம், அதற்குப் பயிற்சியே வேறு.

கழுத்து எலும்புத் தேய்மானம் அதிகமாக இருந்தாலோ, விழித்திரை விலகியிருந்தாலோ, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலோ இதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

சுற்றல் நிற்காமல் தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, கை கால் மரத்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ காதுத் துகள்தான் என்று இருந்துவிடாதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.