சிவப்புக் கண்ணாடித்தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு ழான் ரொலான் 1971இல் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். ஆளுயரக் கடிகாரத்தின் கதவைத் திறந்துகொண்டு ரத்தக்காட்டேரிப் பெண் ஒருத்தி வெளியே வருகிறாள். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நடிப்பு மோசம், கதையே இல்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்த மாதிரி ஐரோப்பியப் படங்களை எதிலிருந்து தொடங்கலாம்? நிர்வாணக் காட்சிகளை எப்படி எடுத்துக்கொள்வது?

கி.

அன்புள்ள கி.,

சிரித்ததில் தப்பில்லை. கடிகாரத்துக்குள்ளிருந்து ஆள் வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பிடித்ததைச் சொல்வதற்கு முன்னால் ‘நடிப்பு மோசம், கதையே இல்லை’ என்று ஒரு முன்ஜாமீன் வாங்கிக்கொண்டீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அது உங்கள் கருத்தே இல்லை, நண்பர்களுக்குப் பயந்து எழுதியது. பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி படம் பார்க்காதீர்கள்.

நிர்வாணம் டிக்கெட் விற்க வைத்தது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சில நாட்களாகவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறொரு படம். ரிக்கார்டோ ஃப்ரேடா 1957இல் இத்தாலியில் எடுத்த ‘இ வாம்பிரி’, அதாவது ரத்தக்காட்டேரிகள். ஒளிப்பதிவு மாரியோ பாவா. சீமாட்டியாக வரும் ஜியானா மரியா கனாலே நம் கண்ணெதிரே கிழவியாகிறாள். நடுவில் வெட்டே கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம் அது. முகத்தில் சுருக்கங்களைச் சிவப்புச் சாயத்தில் வரைந்து, மேலே சிவப்பு வெளிச்சம் அடித்தால் கோடுகள் தெரியாது. வெளிச்சத்தைப் பச்சைக்கு மாற்ற மாற்ற, ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வரும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிழவி அந்த முகத்தில்தான் இருக்கிறாள். மறைத்து வைத்து எடுத்துக் காட்டியது எதுவும் இல்லை. மாறியது விளக்கு மட்டும். ரத்தக்காட்டேரியைப் பற்றி இதைவிட ஒரு கதை என்ன சொல்லிவிடும்? இதற்குமேல் உங்களுக்குக் கதை வேறு வேண்டுமா?

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கில் 17 மார்க். சிவப்பு மையில் பெரிதாகப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார் வாத்தியார். மிட்டாய் சுற்றிவந்த சிவப்புக் கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பதினேழும் இல்லை, கோடும் இல்லை. என் கணக்குகள் மட்டும் கறுப்பாக, சரியானவை போல நின்றன. கையெழுத்துக்காக அப்படியே அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடித்தாளை உருவி எடுத்தார், மார்க்கைப் பார்த்தார், அடி விழும் என்று நான் நின்றேன். அப்பா அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்கடா கிடைச்சுது இது?” என்றார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஹாரி கூமெலின் ‘டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்’, அதுவும் 1971தான். குளிர்காலத்தில் ஆளே இல்லாத பெல்ஜியத்து ஓஸ்டெண்ட் கடற்கரை ஹோட்டலுக்கு ரத்தக்காட்டேரிச் சீமாட்டியாக டெல்ஃபீன் செரிக் வந்து இறங்குவார். காட்சிகள் கறுப்பில் மறையாது, சிவப்பில் மறையும். நண்பர்களைக் கூப்பிடாதீர்கள்.