வீட்டில் ஸ்பானிஷ் பேசினால் ஆங்கிலம் தெரியாதா?

கேள்வி: அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பாதிப் பேருக்கு மேல் வீட்டில் வேற்று மொழி பேசுகிறார்களாம். பிழைக்கப் போன நாட்டின் மொழியைக்கூடக் கற்காமல் இருப்பது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பாதிப் பேருக்கு மேல் என்பது சரி. ஆங்கிலம் கற்கவில்லை என்பது அதிலிருந்து எப்படி வந்தது? உங்கள் கோவையிலேயே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் வராது என்று சொல்வீர்களா?

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1980 முதல் மூன்று கேள்விகள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவாரா? என்ன மொழி? ஆங்கிலம் எப்படிப் பேசுவார்: மிக நன்றாகவா, நன்றாகவா, சுமாராகவா, அறவே இல்லையா? பாட்டியிடம் ஸ்பானிஷும் தம்பியிடம் ஆங்கிலமும் பேசும் பெண்ணும் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் எழுதுவாள். நீங்கள் பார்த்த எண்ணிக்கையில் அவளும் இருக்கிறாள்.

இப்படி ‘ஆம்’ என்றவர்கள் நாடு முழுவதும் 1980-இல் 2.31 கோடி; 2019-இல் 6.78 கோடி. இவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆங்கிலம் ‘மிக நன்றாக’ப் பேசுபவர்கள். மீதிப் பேரை மொத்தமாக ‘ஆங்கிலம் போதாதவர்கள்’ என்று கணக்கு வைக்கிறார்கள். வெறும் ‘நன்றாக’ என்று எழுதியவரும் அதில் அடக்கம். தேர்வு எதுவும் கிடையாது; வீட்டில் படிவம் நிரப்புபவர் சொல்வதுதான் பதிவாகிறது. கூச்சத்தில் ஒரு படி குறைத்து எழுதுபவர்களும் இருப்பார்கள்.

‘பிழைக்கப் போன’ என்றதும் எனக்கு உடன்பாடில்லை. லாஸ் ஏஞ்சலஸ் 1781-இல் ஸ்பானியக் குடியேற்றமாக உருவான ஊர். கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது 1848-இல். அந்த ஊருக்கு ஆங்கிலம்தான் பின்னால் வந்தது.

ஆங்கிலம் உண்மையிலேயே போதாதவர்கள் இல்லாமல் இல்லை. முதியவர்கள், புதிதாக வந்தவர்கள், படிக்க வாய்ப்பே கிடைக்காமல் வேலைக்குப் போனவர்கள். 14 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கும் ஆங்கிலம் மிக நன்றாக வராத வீடுகளைத் தனியாகவே கணக்கிடுகிறார்கள். அந்த வீடுகளில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது பல நேரம் பள்ளிக்கூடப் பிள்ளை. பத்து வயதுக் குழந்தையின் வாயால் ஒரு தாய் தன் நோயைக் கேட்க வேண்டியிருப்பது கொடுமை. நியாயம் கேட்பதானால் அந்தப் பிள்ளைக்காகக் கேளுங்கள்.

இந்தக் கணக்கு எடுப்பதே அவர்களுக்கு உதவத்தான். ஆங்கிலம் போதாதவர்களுக்கு அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு தரச் சொல்லும் திருத்தம் அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தில் 1975-இல் வந்தது; அது இந்தக் கணக்கை நம்பியே நடக்கிறது. ஒரு பகுதியில் ஒரு மொழிக்குழுவைச் சேர்ந்த, ஆங்கிலம் போதாத, வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள் 10,000 பேருக்கு மேலோ, அங்குள்ள வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேலோ இருப்பது அதில் முக்கிய அளவுகோல். லாஸ் ஏஞ்சலஸில் ஸ்பானிஷ், சீனம், கொரியன், வியட்நாமிய மொழிகளில் வாக்குச்சீட்டு கிடைப்பது அப்படித்தான்.