டெல்லி சுல்தானியம் எழுந்தது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

வட இந்தியாவில் துருக்கியர் ஆட்சி வேரூன்றியது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கஜினி முகமது 16 முறை தோற்று, 17ஆவது முறை வென்றவர் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். டெல்லியைப் பிடித்தவர் முகமது கோரி என்றும் படித்தோம். இருவருக்கும் என்ன உறவு? (வாசகர், திண்டுக்கல்)

ஓர் உறவும் இல்லை. கஜினியை ஆண்டவர் பெயர் மஹ்மூத். 998 முதல் 1030 வரை ஆண்டார். முகமது கோரி வேறு குலத்தவர். ஆப்கானிஸ்தானின் நடுவிலுள்ள கோர் மலைநாட்டைச் சேர்ந்தவர். மஹ்மூத் இறந்து 160 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவர் டெல்லிப் பக்கம் வென்றார். கஜினி வம்சத்தின் கடைசி அரசரிடமிருந்து 1186இல் லாகூரைப் பறித்தவரும் அவரே.

தமிழ்நாட்டில் விடாமுயற்சிக்கு உவமையாகச் சொல்லப்படும் அந்த 17 படையெடுப்புக் கதையும் தலைகீழானது. மஹ்மூத் தன் படையெடுப்புகளில் பெரும்பாலும் வென்றார். அவரால் ஏற முடியாமல் திரும்பியது காஷ்மீரத்தின் லோஹ்கோட் கோட்டை போன்ற ஒன்றிரண்டுதான். குளிர்காலத்தில் வந்து, செல்வத்தை அள்ளி, கோடைக்கு முன் திரும்புவது அவர் முறை. பஞ்சாபைத் தவிர இங்கே எந்தப் பகுதியையும் அவர் நிலையாக ஆளவில்லை. தோற்றும் திரும்ப வந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் கோரியைத்தான் சொல்ல வேண்டும். 1178இல் அபு மலைக்கு அருகே குஜராத் சோலங்கிகளிடம் தோற்றார். 1191இல் தராயினில் தோற்றார்.

1191இல் படுதோல்வி அடைந்தவர் மறு ஆண்டே அதே களத்தில் பிருத்விராஜனை வென்றது எப்படி? (வாசகி, கும்பகோணம்)

தராயின் என்பது இன்றைய ஹரியானாவில் கர்னாலுக்கு அருகிலுள்ள தராவடி. முதல் போரில், சௌகான் குல அரசர் பிருத்விராஜன் பக்கம் நின்ற டெல்லித் தலைவர் கோவிந்தராஜன் எறிந்த ஈட்டி கோரியின் கையைத் துளைத்தது. கில்ஜி இளைஞன் ஒருவன் அவர் பின்னால் குதிரையில் தாவியேறி, தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோனதால் உயிர் தப்பினார்.

வென்ற பக்கம் அதன்பின் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஓடிய படையை அவர்கள் துரத்தவில்லை. கோரி முன்பே பிடித்து 1,200 குதிரை வீரர்களை நிறுத்தியிருந்த தபர்ஹிந்தா கோட்டையை முற்றுகையிட்டார்கள். அது பணிய 13 மாதம் ஆனது. அந்த 13 மாதமும் கோரிக்குப் படை திரட்டக் கிடைத்த காலம்.

இரண்டாம் போரில் அவரிடம் 1,20,000 குதிரை வீரர்கள் இருந்ததாக மின்ஹாஜ் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அவர் எழுதியது சுமார் 70 ஆண்டு கழித்து. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் தரும் போர்முறை விவரம் நம்பத் தகுந்தது. கோரி தன் நடுப்படையையும் மூட்டை முடிச்சுகளையும் யானைகளையும் சில காதம் பின்னால் நிறுத்திவிட்டார். கவசம் அணியாத வில்வீரர்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக நான்கு பிரிவாக்கி நாலாபுறமும் அனுப்பினார். எதிரி பாய்ந்தால் விலகு. அவன் நின்றால் நெருங்கி அம்பு விடு. கைகலப்பு மட்டும் கூடாது என்பதே கட்டளை.

ராஜபுத்திரப் படையின் பலம் யானையும், கூட்டமாகப் பாயும் குதிரைப்படையும். பாய்ந்து மோத எதிரே ஆள் நின்றால்தான் அந்தப் பலம் வேலை செய்யும். விலகி விலகி ஓடுபவனைத் துரத்தினால் குதிரை களைக்கும், அணி கலையும், அம்புபட்ட யானை தன் படையையே மிதிக்கும். அப்படிக் களைத்து நின்ற வேளையில்தான் பின்னால் காத்திருந்த கவசக் குதிரைப்படை இறங்கியது. வீரத்தில் குறை ஏதுமில்லை, போர்முறைதான் பொருந்தவில்லை.

பிருத்விராஜன் கண்ணிழந்த நிலையில் கோரியை அம்பெய்து கொன்றது உண்மையா? (வாசகர், சேலம்)

இல்லை. பிருத்விராஜன் 1192இல் போருக்குப் பின் கொல்லப்பட்டார். கோரி 1206இல் பஞ்சாபில் தம்யக் என்ற இடத்தில் முகாமில் கொல்லப்பட்டார். இடையில் 14 ஆண்டுகள். அம்புக் கதை ‘பிருத்விராஜ் ராசோ’ காவியத்திலிருந்து வந்தது. இன்று கிடைக்கும் அதன் வடிவம் பல நூற்றாண்டு பிந்தியது.

வங்காளத்தை வெறும் 18 குதிரைக்காரர்கள் பிடித்தார்களாமே? (வாசகர், காரைக்குடி)

நதியா நகரத்துக்குள் முதலில் நுழைந்தவர்கள்தான் 18 பேர். குதிரை வியாபாரிகள் என்று நினைத்துக் காவலர்கள் விட்டுவிட்டார்கள். கோரி தரப்புத் தளபதி பக்தியார் கில்ஜியின் மீதிப் படை பின்னாலேயே வந்தது. முதிய அரசர் லட்சுமணசேனர் பின்வாசல் வழியே படகேறிக் கிழக்கு வங்காளம் போனார். அங்கே சேனர் ஆட்சி மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது. விழுந்தது ஒரு நகரமும் மேற்குப் பகுதியும்தான். அதே பக்தியார் 1206இல் திபெத்துக்குப் போகும் மலைவழியில் படையை இழந்து, திரும்பிய சிறிது காலத்தில் இறந்துபோனார்.

அடிமைகள் எப்படி சுல்தான்கள் ஆனார்கள்? அடிமை என்றால் சங்கிலி கட்டி வேலை வாங்கப்பட்டவர்கள்தானே? (வாசகி, திருநெல்வேலி)

இது வயல் வேலைக்கு வாங்கிய அடிமைத்தனம் அல்ல. மத்திய ஆசியச் சிறுவர்களை வாங்கி, குதிரையேற்றமும் வில்லும் குர்ஆனும் கற்பித்து, உறவும் ஊரும் இல்லாத, எஜமானை மட்டுமே நம்பிய தளபதிகளாக வளர்க்கும் முறை. அரசனின் சொந்தத் தம்பி அரியணைக்குப் போட்டியிடலாம். வாங்கி வளர்த்தவன் போட்டியிட மாட்டான் என்பது கணக்கு. அரசன் உயிரோடு இருக்கும்வரை கணக்கு சரிதான்.

பின்னாளில் டெல்லி சுல்தானான இல்துமிஷை எடுத்துக்கொள்ளுங்கள். கோரியின் அடிமைத் தளபதி குத்புதீன் ஐபக் அவரையும் இன்னொருவரையும் சேர்த்து ஒரு லட்சம் ஜிட்டல் காசுக்கு டெல்லியில் வாங்கினார். மெய்க்காவல் தலைமை, வேட்டைத் தலைமை, பிறகு குவாலியர், பரன், பதாயூன் என்று படிப்படியாகப் பதவிகள். 1205–06இல் பஞ்சாபின் கொக்கர் குலத்தாருக்கு எதிரான போரில் காட்டிய வீரத்தைப் பார்த்து கோரியே அவரை விடுதலை செய்யச் சொன்னார்.

கோரிக்கு ஆண் வாரிசு இல்லை. அவர் இறந்ததும் கஜினியில் யில்திஸ், முல்தான்–உச் பகுதியில் குபாச்சா, லாகூரில் ஐபக் என்று தளபதிகள் நாட்டைப் பங்கிட்டார்கள். 1210இல் ஐபக் போலோ போன்ற குதிரைப் பந்தாட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது டெல்லி அரசு என்று ஒன்று உண்டா என்பதே சந்தேகம். குவாலியரும் ரந்தம்போரும் ராஜபுத்திரர் கைக்குத் திரும்பியிருந்தன. அதனால்தான் சுல்தானியத்தை உண்மையில் கட்டியவர் இல்துமிஷ் என்கிறோம். 1192ஐ மட்டும் மனப்பாடம் செய்வது போதாது.

அவர் அவசரப்படவில்லை. மத்திய ஆசியாவின் குவாரஸ்ம் நாட்டு அரசன் கஜினியிலிருந்து யில்திஸை விரட்டும்வரை காத்திருந்து, பஞ்சாபுக்குள் வந்த அவரை 1216இல் அதே தராயினில் வென்றார். 1221இல் செங்கிஸ்கான் சிந்துக் கரைவரை வந்தபோது, தப்பியோடி வந்த குவாரஸ்ம் இளவரசர் ஜலாலுதீன் அடைக்கலம் கேட்டார். இல்துமிஷ் மறுத்துவிட்டார். இளவரசர் போய்ச் சூறையாடியது குபாச்சாவின் நாட்டை. தளர்ந்திருந்த குபாச்சாவை 1228இல் வீழ்த்துவது எளிதாயிற்று. 1229இல் பாக்தாத் கலீபாவின் அங்கீகாரம் வந்தது. 1232இல் 11 மாத முற்றுகைக்குப் பின் குவாலியர் பணிந்தது. கோரின் மலைத்தளமும் கஜினியும் பிறர் கைக்குப் போய்விட்டதால், இந்தத் துருக்கியருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. டெல்லி கொள்ளைக்கான வழித்தங்கலாக இல்லாமல் தலைநகரானது இப்படித்தான்.

இக்தா என்பது ஜமீனா? (வாசகர், ஈரோடு)

அல்ல. நிலம் சொந்தமில்லை, ஒரு பகுதியின் வரியை வசூலிக்கும் உரிமை மட்டும். அதைப் பெற்ற முக்தி வரியைத் திரட்டி, தன் செலவையும் தன் குதிரைப்படையின் சம்பளத்தையும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். சில ஆண்டுக்கொரு முறை அவரை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். மாற்றுவதை நிறுத்தினால் முறையே கெட்டது. இல்துமிஷ் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோஆப் கிராமங்களைச் சுமார் 2,000 குதிரை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிந்தைய சுல்தான் பால்பன் காலத்தில் பலர் கிழவர்கள். சிலர் இறந்து, மகன்கள் பரம்பரைச் சொத்தாக அனுபவித்தார்கள். படைக்கு ஆள் வரவில்லை. பால்பன் பறிக்கப் பார்த்து, கெஞ்சல் தாங்காமல் விட்டுவிட்டார். பிற்காலத்தில் பிரோஸ் துக்ளக் பரம்பரையாகவே அனுமதித்தார். அவருக்குப் பின் அரசு துண்டு துண்டானதற்கு இது ஒரு காரணம்.

குதுப் வளாகத் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருப்பது ஏன்? (வாசகி, கோவை)

அவை கோயில் தூண்கள். 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாகப் பள்ளிவாசலின் கிழக்கு வாயில் கல்வெட்டே சொல்கிறது. மறைக்க வேண்டியதும் இல்லை, இன்றைய சண்டைக்கு எரிபொருளாக்க வேண்டியதும் இல்லை. அங்கே போனால் முன்புற வளைவுகளையும் பாருங்கள். பார்வைக்கு வளைவு, உண்மையில் கற்களைக் கிடையாக, ஒன்றைவிட ஒன்று சற்று நீட்டி அடுக்கியது. உள்ளூர்க் கல்தச்சர் தமக்குத் தெரிந்த முறையில் கேட்ட வடிவத்தைக் கொடுத்தார்கள். ஆப்புக்கல் வைத்த மெய்யான வளைவு டெல்லியில் பால்பன் கல்லறையில்தான் வருகிறது.

பழைய காசு ஒன்றில் ஒரு பக்கம் காளை, மறுபக்கம் குதிரைவீரன். எந்தக் காலம்? (வாசகர், மதுரை)

எழுத்தைப் பாருங்கள். குதிரைவீரன் பக்கம் நாகரியில் ‘ஸ்ரீ பிருத்விராஜ தேவ’ என்றிருந்தால் சௌகான் காசு. ‘ஸ்ரீ ஹமீர’ என்றும், காளைப் பக்கம் ‘ஸ்ரீ மஹமத சாமே’ என்றும் இருந்தால் முகமது கோரியுடையது. வென்றவர் காசின் உருவத்தை மாற்றவில்லை. சந்தையில் செல்ல வேண்டுமே! லட்சுமி உருவத்தோடு பொற்காசும் அடித்தார். உங்கள் காளை–குதிரைவீரன் காசின் எடை 3.4 கிராம் அளவில் இருக்கும். அச்சு காசைவிடப் பெரியது என்பதால் எழுத்து பாதி வெட்டுப்பட்டுத்தான் கிடைக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கொஞ்சமே வெள்ளி கலந்த செம்பு அது, மேற்பூச்சு போய்விடும். மண்ணில் கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

டெல்லியில் நிலைத்த ஆட்சி மதுரையில் ஏன் நிலைக்கவில்லை? (வாசகர், சிவகங்கை)

டெல்லித் தளபதி மாலிக் கபூர் 1311இல் வந்தது கொள்ளைக்கு. பிறகு துக்ளக் மாகாணமான மதுரையில் 1335 வாக்கில் ஜலாலுதீன் அஹ்சன் தனியரசர் ஆனார்; 1378க்குள் விஜயநகரம் அதை முடித்தது. டெல்லியோடு பகைத்துக்கொண்டதும் வடக்கிலிருந்து வீரர் வரத்து நின்றது. சுற்றிலும் ஹொய்சளரும் விஜயநகரமும். குதிரை கிடைப்பதும் இங்கே பெரும்பாடு. டெல்லிக்கு மலைவழியே குதிரை வந்தது. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியேதான். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் பாண்டியர் காலத்தைப் பற்றி எழுதினார். வந்தவற்றில் பெரும்பகுதி ஓராண்டில் செத்தன. காரணத்தை மார்கோ போலோ சொல்கிறார்: சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போட்டார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வராதபடி விற்கும் வியாபாரிகளே தடுத்தார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்.