காரைக்கால் ஏன் இன்னும் தமிழ்நாட்டோடு இல்லை?

மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல், பாய்வது காவிரியின் கிளையான அரசலாறு. பிறகு ஏன் காரைக்கால் எங்கோ வடக்கே இருக்கும் புதுச்சேரியோடு சேர்ந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1739-இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் இது. 1954 நவம்பர் 1-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியோடு சேர்த்து இதன் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் இந்தியாவும் பிரான்ஸும் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், பிரான்ஸ் தன் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் நடத்திய போர் முடிந்து பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அந்த ஒப்பந்தம்தான் விஷயமே. மக்களின் விருப்பத்தை அறியாமல் இப்பகுதிகளின் நிர்வாக நிலையை மாற்றக்கூடாது என்கிறது அது. ஒரு மாவட்டத்தின் எல்லைக்குப் பின்னால் இரு நாட்டு உடன்பாடு நிற்பது நம் பக்கத்தில் அபூர்வம்!

இன்னொரு விதி, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம் என்றது. அப்படித் தக்கவைத்த குடும்பத்தினர் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். பாரிஸுக்குப் போய் வரும் உறவுகள், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் எல்லாம் இதன் தொடர்ச்சி.

பக்கத்துத் தரங்கம்பாடி வேறு கதை. 1620-இல் வந்த டேனிஷ்காரர்கள் 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவோடு பேச எதுவும் மிச்சமில்லை. கோட்டைப் பராமரிப்புக்கு டென்மார்க்கிலிருந்து உதவி வந்தது, அவ்வளவுதான். ஆக, யார் ஆண்டார்கள் என்பதைவிட எப்படிக் கிளம்பினார்கள் என்பதுதான் உறவைத் தீர்மானித்திருக்கிறது என்பேன்.

அடையாளம்? காரைக்கால்காரர் பேச்சிலும் சாப்பாட்டிலும் அசல் தஞ்சாவூர்ப் பக்கம். ரேஷன் கார்டில் மட்டும் புதுச்சேரி.