முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஹப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதன்ன போகும் பாதையில் மூன்று அறைகளோடு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். சொந்தக்காரத் தம்பி ஒருவர் போன வருஷம் இணையத்தளம் செய்து தந்தார். விடுதியின் பெயரைப் போட்டுத் தேடினால்கூட கூகுளில் வருவதில்லை. மாதம் 25,000 ரூபா கொடுத்தால் மூன்று மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் போனில் சொல்கிறார். கொடுக்கலாமா? நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும் என்றும் அதுவே சொல்கிறது. மூன்று மாதத்துக்கு 75,000 ரூபா. அந்தக் காசில் ஓர் அறைக்குச் சுடுதண்ணி ஹீட்டர் போட்டால் வருகிற விருந்தாளியாவது நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார்.

பெயரைப் போட்டாலும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் பின்தங்கி நிற்கவில்லை, பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லை. இதை இப்போதே பார்த்துவிடலாம். கூகுளில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று தட்டி, முக்காற்புள்ளி (:) போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால் கூகுள் அநேகமாக உங்கள் தளத்தை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் செய்த தளம் என்றால் முதல் சந்தேகம் ஒரு சின்னக் கட்டத்தின் மேல்தான். செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்தால், அடியில் தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது அதில் சரி அடையாளம் போட்டுவிட்டு, முடிந்த பிறகு எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது. தம்பியைக் குறை சொல்ல வேண்டாம், அந்த அடையாளத்தை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்து, முகப்புப் பக்கத்தைச் சேர்க்கும்படி கேளுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது கூகுள் மேப். உங்களைப் போன்ற சிறிய விடுதிக்கு இணையத்தளத்தைவிட இதுதான் முதலில் ஆள் கொண்டுவரும் என்பது என் அபிப்பிராயம். மேப்பில் தெரியும் விவரங்களை உரிமையாளரே பதியும் கூகுள் பிசினஸ் புரொபைலில் விடுதியைப் பதிவுசெய்யுங்கள். இதுவும் இலவசம். உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த வீடியோ கேட்டால், பாதை, பெயர்ப் பலகை, நீங்களே அறைக் கதவைத் திறப்பது எல்லாம் தெரிய ஒரே மூச்சில் எடுத்து அனுப்புங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். அதோடு ‘மலிவு’, ‘சிறந்த’, ‘ஹப்புத்தளை’ என்று ஒட்டுவது விதிக்கு மாறானது, பதிவையே முடக்கிவிடலாம்.

மேப்பில் குத்தும் அடையாளத்தை நம் மலைநாட்டில் இன்னும் கவனமாக வைக்க வேண்டும். கொழும்பில் 50 மீற்றர் தள்ளிக் குத்தினால் பக்கத்துக் கடையில் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். இங்கே அதே 50 மீற்றர் தேயிலை மலையின் மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் உள்ள வித்தியாசம். மழையில் பெட்டியோடு வரும் ஆளை மேப் கீழ்ப் பாதையில் இறக்கிவிட்டால் அடுத்த நாள் ஒரு நட்சத்திரம்தான் விழும். ஆகவே கேட்டடியில் நின்று, போனில் பார்த்துக் குத்துங்கள். த்ரீவீலர் எதுவரை வரும், அதற்குமேல் எத்தனை படி என்பதையும் எழுதிவையுங்கள்.

தங்கிப் போகிறவர்களிடம் ரிவியூ கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கழிவு தருகிறேன், தேயிலைப் பக்கெட் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. குறை சொன்னவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

இனி இணையத்தளத்தில் என்ன எழுதுவது? ‘ஹப்புத்தளை ரூம்’ என்று தேடினால் பெரிய முன்பதிவுத் தளங்கள்தான் முன்னால் நிற்கும். அவற்றோடு அந்தச் சொல்லில் மோதி ஜெயிக்க உங்களாலும் முடியாது, போனில் பேசியவராலும் முடியாது. ஆனால் அந்தத் தளங்களை நடத்துபவர்கள் தம்பேதன்ன பாதையில் குடியிருக்கவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் பலம் அங்கேதான்.

மலை மேல் இருந்து காட்சி பார்க்கும் இடமான லிப்டன் சீட்டுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறக்குறைய 7 கிலோமீற்றர். வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பிக் காட்சியை மறைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், முதல்முறை வருகிறவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து விடியலுக்கு முன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், முதல் பஸ் உங்கள் வளைவைத் தாண்டுவது எப்போது, த்ரீவீலருக்கு இன்று என்ன கேட்கிறார்கள், இறங்கும்போது தோட்டத்துக்குள் எந்தக் குறுக்குப் பாதையில் நடக்கலாம், அட்டை கடிக்கும் மாதங்களில் காலுக்கு என்ன போடுவது? இதையெல்லாம் ஒரு தனிப் பக்கமாக, உங்கள் சொந்தப் படங்களோடு எழுதுங்கள். தலைப்பில் ‘வரவேற்கிறோம்’ என்று போடாமல், ‘ஹப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்: விடியற்காலையில் போவது எப்படி’ என்று வையுங்கள். தேடுகிறவர் போனில் தட்டுவதும் அதுதான்.

இதேபோல ஒஹியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவது ஒரு பக்கம். மண்சரிவு அபாயமுள்ள நாட்களில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது இன்னொன்று, எழுதினால் விடாமல் புதுப்பிக்க வேண்டும். விருந்தாளிகள் வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்துவந்தாலே பக்கங்களுக்குத் தலைப்பு கிடைத்துவிடும். வெளிநாட்டவருக்கு ஆங்கிலப் பக்கம் வேண்டும். உள்நாட்டவருக்குத் தமிழும் சிங்களமும் தனித்தனிப் பக்கங்களாக இருக்கட்டும், ஒரே பக்கத்தில் மூன்றையும் கலக்காதீர்கள்.

தமிழ்ப் பக்கத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. கொம்யூனிகேஷன் கடையில் டைப் பண்ணி வாங்கியது பாமினி எழுத்துருவில் இருந்தால், கண்ணுக்குத்தான் அது தமிழ். பாமினியில் அடித்த ‘தமிழ்’ கூகுளுக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதை யாரும் தேடப்போவதில்லை. எல்லாவற்றையும் கூகுளும் தமிழாகவே படிக்கும் யுனிகோடு எழுத்துக்கு மாற்றுங்கள். விலைப் பட்டியலைப் படமாகப் போட்டிருந்தால் அதையும் எழுத்தாகவே போடுங்கள்.

படங்களின் கனத்தையும் பாருங்கள். போனில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். அப்படியே பத்துப் படம் ஏற்றினால் தோட்டப்பக்க சிக்னலில் பக்கம் திறக்காது. அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, இணையத்துக்கான வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் ஒரு படம் 200, 300 கேபிக்குள் அடங்கும். கூகுள் தளங்களைக் கணிப்பது போனில் தெரியும் வடிவத்தை வைத்துத்தான். பிரதான உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள் தெரிந்தால்தான் நல்ல வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எங்கே சுணங்குகிறது என்று காட்டும்.

போன்காரர் மறுபடி பேசினால் என்னென்ன வேலை செய்வீர்கள் என்று கேளுங்கள். ‘கீவேர்ட் டேக் நிரப்புவோம்’ என்றால், பக்கத்தின் கோடுக்குள் தேடற்சொற்களை மறைவாக எழுதும் அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. ‘மற்றத் தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு நூற்றுக்கணக்கில் லிங்க் வாங்கித் தருவோம்’ என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள், காசுக்கு வாங்கிய லிங்க்கால் தளம் தண்டிக்கப்படலாம். படங்களைச் சுருக்கி வேகத்தைக் கூட்டுவது போன்ற குறிப்பான வேலைக்கு ஒரு தடவை காசு கொடுப்பது நியாயம். அதற்கும் தளத்தின் பிரதான கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள்.

டொமைன், அதாவது உங்கள் தள முகவரி, யார் பெயரில், யாருடைய ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்பதைத் தம்பியிடம் இந்த வாரமே கேளுங்கள். அவருடைய பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றி, புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து சேர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடி ஆட்கள் உங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பக்கத்தை எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு அதில் பதில் இருக்கும்.