கோப்பியும் கொப்பியும்

கேள்வி: மகள் தரம் 9. ஆங்கிலம் எழுதுவாள், வாய் திறந்து பேசமாட்டாள். வீட்டில் ஒரே ஒரு போன், அதையும் பகலில் இவர் வயலுக்குக் கொண்டுபோய்விடுவார். குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். காசு கட்டி ஆங்கிலப் பேச்சுச் செயலி எடுக்கலாமா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். அவற்றில் பல இணைப்பில்லாமல் திறக்கவே திறக்காது. போனில் உள்ள குரற்பதிவுக் கருவி போதும். அதற்கு டேற்றா தேவையில்லை.

பாடப்புத்தகத்தில் படித்த ஒரு பந்தியை, புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லில் 2 நிமிடம் சொல்லிப் பதியட்டும். அதையே அடுத்து ஒன்றரை நிமிடத்தில், பிறகு 1 நிமிடத்தில். நேரம் குறையக் குறைய, தமிழில் யோசித்து மாற்றிக்கொண்டிருக்க இடமிராது. முதற்பதிவையும் கடைசியையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகே அழிக்கவிடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். தகரக் கூரையில் மழை விழும் நேரம் சரிவராது. அநேக பிள்ளைகள் முழுவதையும் எழுதிவைத்து வாசிப்பார்கள். அது வாசிப்பு, பேச்சல்ல. நினைவுக்குத் துண்டுக் கடதாசி வைத்திருந்தால் அதில் ஐந்து சொல்லுக்கு மேல் இருக்கக்கூடாது.

உச்சரிப்புக்குக் கூகுள் விசைப்பலகையின் மைக் உதவும்; அதை அழுத்திப் பேசினால் பேச்சு எழுத்தாக விழும். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில், சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை ஆங்கிலப் பொதியை இறக்கிவைத்தால் வீட்டிலும் வேலை செய்யும். குடிக்கிற கோப்பியையும் எழுதுகிற கொப்பியையும் நாம் ஒரே 'ப்ப'வில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் முதலாவதுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வரவேண்டும்; மற்றதுக்கு இரண்டு உதடும் ஒட்டவேண்டும். எது எழுத்தில் விழுகிறதென்று பார்க்கட்டும். தனிச் சொல்லாகவே சொல்லவேண்டும். முழு வசனமென்றால் போன் சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், பிழை தெரியாது. மொழித் தெரிவில் இந்திய ஆங்கிலத்தை வையுங்கள். அமெரிக்கத் தெரிவு, நாம் சரியாகச் சொன்னதையும் சிலவேளை மாற்றி எழுதும்.

ரீச்சருக்கு வட்ஸ்அப் குரற்செய்தியை வீட்டிலிருந்தே அனுப்பிவிடுங்கள். மணிக்கூட்டு அடையாளத்தோடு நிற்கும். காலையில் கணவர் குளக்கட்டால் போகும்போது தானாகப் போய்ச் சேரும்.

கேள்வி: வகுப்பில் 38 பிள்ளைகள், 11 போன். வட்ஸ்அப் குழுவில் பேசிப் போடச் சொன்னால் நாலைந்து பேர்தான் போடுகிறார்கள்.
– ஆசிரியை, மல்லாவி

பதில்: குழுவில் போடச் சொன்னதுதான் தடை. கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்களே! உங்கள் இலக்கத்துக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவர் நால்வருக்கு ஒரு போன், ஆளுக்கு 1 நிமிடம். நாளுக்கு 8 பேரைக் கேட்டால் ஐந்து நாளில் வகுப்பு முடியும். ஒருவருக்கு ஒரு பிழைக்கு மேல் திருத்தவேண்டாம், அதையும் குரலிலேயே அனுப்புங்கள். எழுதி அனுப்பினால் பிள்ளை பார்க்கும், சொல்லிப் பார்க்காது.