பெப்பரோமியா இலை உதிருதா? தண்ணி டம்ளரை கீழ வைங்க

வேளச்சேரில ஃப்ளாட்ல இருக்குற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "சார், ஓரம் பிங்க்கா, நடுவுல பச்சையும் க்ரீமும் கலந்த பெப்பரோமியா வாங்கி மூணு மாசம் ஆச்சு. டிவி ஸ்டாண்ட் மேல வச்சு தினமும் அரை டம்ளர் தண்ணி ஊத்துறேன். கீழ் இலை துவண்டு உதிருது, புதுசு வெறும் பச்சையா வருது. தண்ணி பத்தலையா?"

பத்தாம இல்லம்மா, ஜாஸ்தி. இது நம்ம மிளகு, வெத்தலை குடும்பம்தான், பூ கூட மிளகுச் சரம் மாதிரி எலிவால் கணக்கா நீட்டிக்கிட்டு வரும், ஆனா சொந்த ஊரு அமெரிக்கக் கண்டத்தோட வெப்பக் காடுங்க, அங்க இந்த இனத்துல நிறைய செடிங்க மரக்கிளை இடுக்குலயும் மக்குன கட்டைலயும் ஒட்டிக்கிட்டு வளரும், மழை பெஞ்சா நனையும், உடனே வடிஞ்சிடும். வேரு சின்னது, தண்ணிய இலைலயே சேத்து வச்சுக்கும். அப்படிப்பட்டதுக்கு தினமும் ஊத்துனா வேர் மூச்சு முட்டி அழுகிடும், அழுகுன வேரால தண்ணி உறிஞ்ச முடியாது, அதான் மண்ணு ஈரமா இருந்தும் இலை துவளுது. நாம பாத்துட்டு பாவம் தாகம்னு இன்னொரு டம்ளர் ஊத்துவோம்!

முதல்ல தொட்டியில இருந்து செடிய வெளிய எடுங்க. பல நர்சரி செடில வேரைச் சுத்தி பழைய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை இருக்கும், மேல் மண்ணு காஞ்சாலும் அது உள்ள நனைஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், அதை மெதுவா உதிர்த்துடுங்க. நல்ல வேர் வெளுப்பா விறைப்பா இருக்கும். பழுப்பா இருக்குறதை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்துப் பாருங்க, தோல் உருவிட்டு உள்ள நூல் மட்டும் நிக்கும், அதெல்லாம் கத்தரிச்சிடுங்க.

கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் (நர்சரில கிடைக்கும், வெள்ளையா பொரி மாதிரி லேசான கல்லு) ஒரு பங்கு, உடைச்ச அடுப்புக்கரி ஒரு பங்கு (இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கேட்டா நாலு துண்டு குடுப்பாரு, சாம்பல் போக கழுவிக்கோங்க), மூணையும் கலந்து அதுல செடிய நடுங்க. 4 இன்ச் மண்தொட்டி போதும், பெரிய தொட்டில வச்சா சீக்கிரம் வளரும்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு தண்ணி விடுங்க. அப்புறம் காலண்டர் பாத்து ஊத்த வேணாம், விரலை ரெண்டு இன்ச் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் கீழ ஓட்டை வழியா வடியுற அளவு ஊத்துங்க, தட்டுல நின்ன தண்ணிய கொட்டிடுங்க.

தண்டு அடி கொழகொழன்னு ஆகிடுச்சுன்னா நுனில 3, 4 இன்ச் வெட்டி, கீழ் இலைய எடுத்துட்டு, சில மணி நேரம் காயவிட்டு ஈரப் பெர்லைட்ல சொருகுங்க. தனி இலைய நடாதீங்க, அதுல வர்ற குட்டி பெரும்பாலும் வெறும் பச்சையாத்தான் வரும்.

கலர் விஷயத்துக்கு வெளிச்சம்தான் மருந்து. டிவி ஸ்டாண்ட் பாக்க அழகு, செடிக்கு அது இருட்டு குடோன். கிழக்கு ஜன்னல்ல இருந்து ரெண்டு மூணு அடிக்குள்ள வைங்க, காலை வெயில் லேசா பட்டா நல்லது, மத்தியான வெயில் பட்டா இலை கருகிடும். பச்சையான இலை திரும்ப பிங்க் ஆகாது, புது தளிர்லதான் கலர் தெரியும். முழுப் பச்சையா ஒரு கிளை வந்தா யோசிக்காம வெட்டிடுங்க, அது வேகமா வளர்ந்து மத்ததை அமுக்கிடும். ஏசி காத்து நேரா அடிக்குற இடமும் வேணாம்.

உரம் இப்போ போடாதீங்க, புது இலை ரெண்டு வரட்டும். வீட்ல பூனை இருந்து இலைய கடிச்சாலும் பயப்படாதீங்க, இது விஷச்செடி இல்ல.